மஞ்சி வாங்கிய சைபர்

எத்தெல்காவுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்த நிமிடம் பற்றிக்கொண்டது, மதியம் கான்டீனில் இரண்டு குவளை மோர் குடித்தும் அடங்கவில்லை.

தாளில் இரண்டே வரி. இயந்திரம் 114, பொறுப்பு கெலெமென் எத்தெல்கா: ஏற்றத்தாழ்வு 1.4 சதவீதம். இயந்திரம் 115, பொறுப்பு ஃபோதோர் வில்மா: ஏற்றத்தாழ்வு 0,00 சதவீதம். கீழே சமன் குழுவின் வட்ட முத்திரை, இரண்டு பாதியும் சமம் என்று தெரியும்படி நடுவில் ஒரு கோடு.

சைபராம். வில்மாவுக்குச் சைபராம். மூன்று வாரமாக மணி நாலடித்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளுக்கு, இயந்திரம் ஊற்றும்போது அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நகத்துக்கு ராவிக்கொண்டிருந்தவளுக்குச் சைபர். எத்தெல்கா இதே மூன்று வாரம் கண் எரிய எரிய உட்கார்ந்து வாங்கியது ஒன்று புள்ளி நான்கு.

கெச்கெமெட் நகரத்துப் பச்சிளங்குழந்தை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நடக்கும் வேலை ஒன்றுதான். பிறந்து இரண்டு நாளான குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டு தாளில் வரும். அதிலிருந்து ஒரு வில்லை வெட்டித் தட்டுக் குழியில் போடுவார்கள். தட்டு உள்ளங்கை அகலம், பணியாரக் கல்லைப் பிளாஸ்டிக்கில் சிறிதாக வார்த்தது போல, வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசை, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு குழி. எட்டு முனைகள் உள்ள ஓர் ஊற்று இயந்திரம், வரிசைக்கு ஒரு முனையாக, ஒவ்வொரு குழியிலும் இரண்டு சொட்டு மருந்து ஊற்றும். நிறம் மாறினால் குழந்தைக்கு நோய். ஒரு முனை குறைவாக ஊற்றினால் அந்த வரிசையில் பன்னிரண்டு குழந்தைகளின் நிறமும் பொய் சொல்லும். நோயுள்ள குழந்தை நல்ல குழந்தை என்று வீட்டுக்குப் போய்விடும். அதனால் எல்லாக் குழியிலும் சமமாக ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவை வைத்துத்தான் சமன் குழு பிறந்தது.

இயந்திரத்துக்கு எட்டு முனை என்பதால் குழுவுக்கும் எட்டு உறுப்பினர். எட்டாவது இடம் ஆறு வருடமாகக் காலி. கூட்டத்தில் காபியைக் கோப்பை கோப்பையாகத் தராசில் வைத்து, கூடுதலைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, குறைந்ததில் விடுவார்கள். அது முடிய நாற்பது நிமிடம் ஆகும். பிறகு ஆறிப்போன காபியை எல்லோரும் சமமாக முகம் சுளித்துக் குடிப்பார்கள்.

நிலையத்தில் இயந்திரம் இரண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரே லாரியில் வந்தவை. எத்தெல்கா தன்னுடையதற்கு யூலி என்று பெயர் வைத்தாள், வில்மா தன்னுடையதற்கு மஞ்சி என்று வைத்தாள். இரண்டும் மாட்டுக்கு வைக்கிற பெயர்கள். யூலிக்குக் குழந்தைகளின் மாதிரி, மஞ்சிக்குத் தட்டுகளை அலசும் நீர் ஊற்றுகிற வேலை. யார் இப்படிப் பிரித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அலசும் நீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் சாகப் போவதில்லை என்பதால் வில்மா நிம்மதியாக இருந்தாள்.

வசந்தகாலக் கூட்டத்தில் குழுத் தலைவர் போகார் தெஜோ எழுந்து நின்றார். குழுவுக்கு வருமுன் மாவட்டப் புகைபோக்கித் துறையில் இருந்தவர். அங்கேயும் துல்லியம் முக்கியம் என்பார்.

"ரெண்டு மிஷின் வச்சிருக்கோம். நல்லா யோசிங்க. ரெண்டு இருக்கறதாலதான் அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் வருது. ஒண்ணே ஒண்ணு இருந்தா? அது தனக்குத்தானே சமம். உலகத்துல எவனும் குறை சொல்ல முடியாது. போட்டி வைப்போம். ஜெயிச்சது மேல, தோத்தது கீழ."

கீழ என்றால் கீழ்த்தளக் கிடங்கு. இயந்திரத்தோடு அதன் ஆளும் போக வேண்டும், குடுவை கழுவும் பிரிவுக்கு. அங்கே ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த எத்தெல்காவுக்கு அந்தப் படிக்கட்டை நினைத்தபோதே முழங்கால் வலித்தது. அதைவிட, ஜெயித்த இயந்திரத்துக்குத்தான் குழந்தைகளின் மாதிரி என்றபோது, யூலி தவிர வேறெது ஜெயிக்கும் என்று ஒரு திமிர் அவளுக்கு இருந்தது. அதையும் மறைப்பானேன்.

உட்கார்ந்தாள். முதலில் மேடையை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்தினாள். மருந்துக்குப் பதில் மஞ்சள் சாயம் ஊற்றி, நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் படிப்பானில் தட்டை வைத்து, எந்தக் குழி வெளிறியிருக்கிறது என்று பார்த்தாள். ஆறு சதவீத ஏற்றத்தாழ்வு. உறிஞ்சும் வேகத்தைக் குறைத்தாள். முனைகளை ஒரு முறை நனைத்துவிட்டு ஊற்ற வைத்தாள். முதல் ஊற்றைக் கீழே கொட்டச் சொன்னாள், கடைசிச் சொட்டு முனையிலேயே தொங்காமல் குழியின் சுவரைத் தொட்டு இறங்கச் செய்தாள். நாலுக்கு வந்தது, மூன்றுக்கு வந்தது. எட்டாவது முனை மட்டும் முரண்டு பிடித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. அலமாரியில் இருந்த கடைசி உதிரி வளையத்தைப் போட்டாள். ஒன்று புள்ளி நான்கு. அன்றைக்கு அவள் யூலியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது உண்மை.

ஆனால் வில்மாவுக்குச் சைபர்.

வில்மா எதிலுமே இப்படித்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மழையில் நனைந்தாலும் வில்மாவின் தலைமுடி கலையாது. அவள் வீட்டு ஜன்னலில் ஜெரேனியம் டிசம்பர்வரை பூக்கும். அவள் சுடும் உப்பு பொகாச்சா ரொட்டி புஸ்ஸென்று எழும், எத்தெல்கா அதே மாவைப் பிசைந்தாலும் கல்லாகும். மருமகன் பல் டாக்டர். இதெல்லாம் போகட்டும் என்று எத்தெல்கா இருபத்திரண்டு வருடம் விட்டுக்கொடுத்திருந்தாள். ஊற்றுவது மட்டும் தன்னுடையது என்று நினைத்திருந்தாள்.

"எப்படிடி பண்ண?" என்று அன்று மாலை கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? நீ செஞ்ச மாதிரிதான் செஞ்சேன். கைராசின்னு வச்சுக்கோயேன்."

"சாயத் தட்டப் பாத்தியா?"

"பாக்கல. படிப்பான் துப்பின நம்பர அப்படியே குழுவோட படிவத்துல டைப் அடிச்சேன். சைபர்னு வந்துச்சு." வில்மா சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நீ சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்."

எத்தெல்கா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பட்டமளிப்பு விழா புதன்கிழமை. 'சமன் செம்மல்' என்று பட்டம். வில்மாவின் கழுத்தில் நீலப் பட்டுப் பட்டை போட்டார்கள். இயக்குநர் டாக்டர் சில்வாஷி ஓதோன் ஒரு மணி நேரம் பேசினார்.

"வில்மா அம்மா என்ன சாதிச்சிருக்காங்க? எல்லாருக்கும் சமமா ஊத்தியிருக்காங்க. நானும் இந்த நிலையத்தை அப்படித்தான் நடத்தறேன். என் அறைக்கு மட்டும் ஏசி இருக்கேன்னு சில பேர் பேசிக்கறாங்க. எனக்குத் தெரியும். மத்த அறை எதுக்குமே ஏசி இல்ல. அந்த விஷயத்துல எல்லாரையும் நான் சமமாத்தானே வச்சிருக்கேன்?"

கைதட்டல் ஒலிமானியில் அளக்கப்பட்டது. இடது பக்கம் குறைவு என்று தெரிந்ததால் இடது பக்கத்தார் மறுபடி தட்டினார்கள். கடைசியாகத் தெஜோ ஒரு சுற்றறிக்கை வாசித்தார். சமன் செம்மலை யாரும் ஒருமையில் அழைக்கக் கூடாது.

வில்மா எத்தெல்கா காதோடு கிசுகிசுத்தாள். "அதெல்லாம் பேப்பர்ல. நீ வழக்கம்போல கூப்பிடு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் நீங்க என்பது நீ ஆக வேண்டுமானால் பெர்து குடிக்க வேண்டும். இரண்டு பேரும் கைக்குள் கை கோர்த்து ஒரே மூச்சில் ஒரு குவளை, அதோடு நீங்க போய்விடும், சாகும்வரை திரும்பாது. எத்தெல்காவும் வில்மாவும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பாதாமிப் பழச் சாராயமான பாலிங்காவில் குடித்தார்கள். இருபத்திரண்டு வருடம் நீயும் வாடியும் போடியுமாக இருந்தார்கள்.

"அப்படியெல்லாம் பேசலாங்களா, செம்மல் அம்மா," என்றாள் எத்தெல்கா. "உங்க தகுதிக்கு நாங்கல்லாம் மரியாதை தரணுமில்லையா."

வில்மாவின் முகம் வெளிறியது. எத்தெல்காவுக்கு அது திருப்தியாக இருந்தது, ஒரு பத்து நிமிடம்.

அடுத்த நாள் குழு வில்மாவின் வெற்றி ரகசியத்தை ஆராய இறங்கியது. ஏழு பேர் ஆளுக்கொரு நோட்டுடன் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிறாள், குறித்துக்கொள். பத்தரைக்குப் பொகாச்சா சாப்பிடுகிறாள், குறித்துக்கொள். இயந்திரம் ஊற்றும்போது தட்டைப் பார்ப்பதே இல்லை. இந்த இடத்தில் தெஜோ பேனாவைக் கீழே வைத்தார்.

"அதான். அதான் விஷயம். பாத்தா கை நடுங்கும். மிஷினுக்கும் அப்படித்தான் இருக்கும்."

மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்தது. ஊற்றும்போதும் ஊற்றிய பின்பும் தட்டை எவரும் பார்க்கக் கூடாது. எத்தெல்காவை வில்மாவிடம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பத்தரைக்கு வில்மாவின் பொகாச்சாவைத் தின்றாள். புஸ்ஸென்று இருந்தது.

இப்படி நாலைந்து நாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நீங்க, உங்க. ரகசியத்தைத் திருடிவிட வேண்டும் என்று எத்தெல்காவுக்கு வெறி. குழு பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்றுக்குத்தான் திரும்பும், வில்மாவும் வெளியே போவாள். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் எத்தெல்கா வில்மாவின் கணினியைத் திறந்து சமன் படிவத்தைப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு எண்கள். 98,6. 101,2. 99,4. கடைசி வரிசை முழுக்க 54,1, 52,8, 55,0 என்று ஓடியது. எத்தெல்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். பாதி. எட்டாவது முனை பாதிதான் ஊற்றியிருக்கிறது. இதற்கா சைபர்?

பிறகு கமாவைப் பார்த்தாள்.

நாட்டில் எல்லோரும் தசமத்துக்குக் கமாதான் போடுவார்கள். முதல் வகுப்பில் கற்ற பழக்கம். குழுவின் படிவம் வெளிநாட்டில் வாங்கியது, அதற்குப் புள்ளி மட்டும்தான் தெரியும். கமா வைத்த எண்ணை அது எண் என்றே எடுத்துக்கொள்ளாது, ஏதோ சொல் என்று தள்ளிவிடும். தொண்ணூற்றாறு சொற்களுக்கு ஏது ஏற்றத்தாழ்வு? பிழை என்று காட்டியிருக்க வேண்டும். ஆனால் பிழை என்ற வார்த்தை திரையில் வரக் கூடாது, வந்தால் அந்த இடத்தில் சைபர் போடு என்று இயக்குநர் போன வருடமே மாற்றச் சொல்லியிருந்தார். எத்தெல்கா மட்டும் ஏன் புள்ளி போட்டாள்? அவள் கணினியில் கமா கட்டை அழுந்தாது. இரண்டு வருடம் முன்பு தெஜோ அதில் காபியைக் கொட்டியிருந்தார்.

அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அங்கேயே நின்று சிரித்தாள். அப்புறம் மஞ்சியில் ஒரு சாயத் தட்டு போட்டாள். மேல் வரிசைகள் நல்ல மஞ்சள், கடைசி வரிசை பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு. பன்னிரண்டு குழி. வருகிற திங்கட்கிழமை அதில் பன்னிரண்டு குழந்தைகளின் பொட்டு இருக்கும். சிரிப்பு நின்றது.

புதன்கிழமை குழு கூடியது. காபி தராசில் இருந்தது. எத்தெல்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

இயக்குநர் நெற்றியைத் தடவினார். "திரையில பிழைன்னு வந்தா ஊழியர்கள் மனசு உடைஞ்சு போகுது, எத்தெல்காம்மா. அதனாலதான் எடுக்கச் சொன்னேன். போன வருஷம் மட்டும் நானூறு பிழைய ஒழிச்சிருக்கேன். மேலிடத்துல பாராட்டினாங்க."

"சார், பிழை ஒழியல. சைபர்னு பேர் மாத்தியிருக்கு, அவ்வளவுதான்."

தெஜோ தொண்டையைக் கனைத்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஏன் புள்ளி போட்டீங்க?"

"கமா கட்டை வேலை செய்யல, தலைவர் சார். நீங்க காபி கொட்டினீங்க."

"கொட்டல. சிந்துச்சு. அதுவும் எல்லாக் கட்டை மேலயும் சமமாத்தான் சிந்துச்சு." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்த நாட்டுல கமா. என் அப்பா போட்டார், அவங்கப்பா போட்டார். வில்மா அம்மா நாட்டு வழக்கப்படி கமா போட்டுச் சைபர் வாங்கினாங்க. இவங்க வெளியாள் குறிய வச்சு ஒண்ணு புள்ளி நாலு வாங்கியிருக்காங்க. யார்கிட்ட ஏற்றத்தாழ்வு இருக்குன்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"பச்சக் குழந்தைங்களப் பத்தித்தான் சார் நானும் சொல்றேன். திங்கக்கிழமையிலேர்ந்து அதுங்க ரத்தம் மஞ்சிக்குப் போகுது. எட்டாவது முனை பாதிதான் ஊத்துது. நான் தட்டப் பாத்தேன்."

தராசுப் பக்கம் இருந்தவர் சொட்டுக்குழாயைக் கீழே வைத்தார்.

"தட்டைப் பாத்தீங்களா?" என்றார் தெஜோ. "பாக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே."

"உங்களுக்குப் பொறாமை, எத்தெல்காம்மா," என்றார் இயக்குநர் கனிவாக.

"ஆமா சார், பொறாமைதான். ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவு பொறாமை. ஆனா முனையில ஓட்டை இருக்கு. ரெண்டும் உண்மை."

முதல் பாதியை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு, நியாயம் தவறக் கூடாது என்பதால், அவளுடைய எண்களைக் குழுவின் கணினியிலேயே கமாவுடன் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு கமா. எத்தெல்கா கடைசிக் கட்டையை அழுத்தினாள். 0,00.

ஏழு பேரும் எழுந்து கைதட்டினார்கள். சொல்ல வெட்கம்தான், அந்த ஒரு நொடி எத்தெல்காவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் என்று தெரியும், காரணம் தெரியும், கண்டுபிடித்ததே அவள்தான். ஆனாலும் சைபர்.

குழுவுக்குத்தான் சிக்கல். இரண்டு சைபரில் எது பெரிய சைபர்? மூன்று மணி நேரம் பேசினார்கள். சைபரோடு சைபரைக் கூட்டினார்கள், கழித்தார்கள். முடிவில் தெஜோ தீர்ப்பு வாசித்தார். வில்மா அம்மாவின் சைபர் ஒன்பது நாள் மூத்தது, ஆகவே மஞ்சி மேலே. எத்தெல்கா அம்மாவுக்குத் துணைச் செம்மல் பட்டம். அந்தப் பட்டத்தை அவர் கீழ்த்தளத்தில் குடுவை கழுவும் பிரிவில் முழு மரியாதையோடு வகிக்கலாம். யூலி வெள்ளிக்கிழமை இறங்கும்.

எத்தெல்கா மஞ்சிக்காக ஒரு ரப்பர் வளையம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. உதிரி பாகம் கேட்கக் கோளாறு இருக்க வேண்டும். சைபர் வாங்கிய இயந்திரத்தில் கோளாறு இருக்க விதியில் இடமில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் குழு சாப்பிடப் போனது. எத்தெல்கா யூலியின் முன்னால் போய் நின்றாள். நிலையத்தில் இருந்த ஒரே புது வளையம் அதன் எட்டாவது முனைக்குள் இருந்தது. தன் கையால் போட்டது. அதைக் கழற்றி வில்மாவின் இயந்திரத்தில் போட வேண்டும். போட்டால் மஞ்சி ஒழுங்காக ஊற்றும், பெயர் வில்மாவுக்குப் போகும், யாருக்கும் தெரியவும் தெரியாது. எவளோ ஒருத்தி ராவிய நகத்தோடு உட்கார்ந்து நீலப் பட்டை மாட்டிக்கொள்வதற்கு நான் மாடாய் உழைக்க வேண்டுமா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தாள்.

மஞ்சியைத் திறந்து வைத்திருந்தபோது கதவு திறந்தது. பொகாச்சா டப்பாவை மறந்துவிட்டுப் போன வில்மா வாசலில் நின்றாள்.

"என்ன பண்றீங்க?" வில்மா உள்ளே வந்தாள். "நீங்க இவ்வளவு தூரம் போவீங்கன்னு நான் நெனைக்கல. என் மிஷின உடைக்க வந்தீங்களா?"

"உடைக்கணும்னா ஒரு குவளை காபி போதுங்க. அந்த மூலையில இருக்கற தட்டப் பாருங்க."

"தட்டப் பாக்கக் கூடாதுன்னு..."

"பாருங்கங்கறேன்."

வில்மா பார்த்தாள். கடைசி வரிசையின் வெளுப்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தெல்கா கமா கதையைச் சொல்லி முடித்தாள். வில்மா முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு," என்றாள். "சைபர்னு யாருக்காவது வருமா? ஆனா கேக்கத் தோணல. ஒன்பது வருஷமா உங்க தட்டப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிருக்குங்க. மூலைக்கு மூலை ஒரே மஞ்சளா இருக்கும். என் தட்டப் பாத்தா எனக்கே பிடிக்காது, அதான் திரும்பி உக்காந்து நகத்த ராவுவேன். உங்களுக்குக் குழந்தைங்க, எனக்கு அலசற தண்ணி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உங்கள விட நல்ல நம்பர் வந்துச்சு. அத எப்படிங்க வேண்டாம்னு சொல்வேன்?"

வில்மாவுக்குத் தன்மேல் பொறாமை என்பது எத்தெல்கா கனவிலும் நினைக்காதது. கேட்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைக் காட்டிக்கொள்ளாமல் திருப்புளியை நீட்டினாள்.

"இதப் பிடிங்க. மூணு மணிக்கு வந்துடுவாங்க."

வளையம் மாறியது. உறிஞ்சும் வேகம், முதல் ஊற்று, கடைசிச் சொட்டு, எல்லாவற்றையும் எத்தெல்கா சொல்லச் சொல்ல வில்மா மாற்றினாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிச் சாயத் தட்டைப் படித்தார்கள். ஒன்று புள்ளி ஒன்று. யூலியைவிடக் குறைவு. தன் கையாலேயே தன்னைத் தோற்கடித்துவிட்டு எத்தெல்கா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வில்மா கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை யூலி இறங்கியது. தூக்கியவர்கள் நாலு பேர், சுமை சமமாக இருக்க வேண்டும் என்று தெஜோ ஒவ்வொரு படியிலும் நிறுத்தி எடை பார்த்தார். படி முப்பத்திரண்டு. திங்கட்கிழமையிலிருந்து எத்தெல்கா கீழே குடுவை கழுவினாள். மேலே என்ன நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். வில்மா. ஒரு கையில் டப்பா, ஒரு கையில் குப்பி, அக்குளில் மடித்த தாள்.

"குழுவோட அறிக்கை," என்று தாளைப் பிரித்து வாசித்தாள். "'கெலெமென் எத்தெல்கா கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்ட நாளிலிருந்து 115-இன் சைபர் மேலும் சைபராகியிருப்பதைக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.'"

"நல்லாருங்க."

"இன்னும் இருக்குங்க. புதன்கிழமைத் தட்டு, கடைசி வரிசை, ஏழாவது குழி. ஒரு பொண்ணு குழந்தை. நிறம் மாறியிருந்துச்சு. நான் பாத்தேன். திரும்பி உக்காரல, நல்லா குனிஞ்சு பாத்தேன். அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். மருந்து ஆரம்பிச்சுட்டாங்க. பொழச்சுக்குமாம்."

எத்தெல்கா கையைத் துண்டில் துடைத்தாள். ஏற்கெனவே உலர்ந்த கை. மறுபடி துடைத்தாள்.

"அதுக்கு எனக்குப் பதக்கம் தராங்களாம்," என்றாள் வில்மா தரையைப் பார்த்து. "உங்க பேரச் சொன்னேன். எழுதிக்க இடமில்லன்னுட்டாங்க."

வயிற்றில் சுர்ரென்றது. குழந்தை பிழைத்ததே, அப்புறம் உனக்கென்ன என்று எத்தெல்கா தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். அடங்கவில்லை. குழந்தை வேறு, பதக்கம் வேறு.

வில்மா கழுவிக் கவிழ்த்திருந்த அளவுக் குவளைகளில் இரண்டை எடுத்து வைத்தாள். குப்பியைத் திறந்தாள். பாதாமி வாசனை கீழ்த்தளம் முழுக்கப் பரவியது. ஒன்றில் மளமளவென்று ஊற்றி, நிறுத்தாமல் அப்படியே அடுத்ததில் ஊற்றினாள், பார்க்கக்கூட இல்லை, எத்தெல்காவின் முகத்தைப் பார்த்தபடி ஊற்றினாள்.

எத்தெல்கா குனிந்தாள். கண்ணைக் குவளை மட்டத்துக்குக் கொண்டுவந்து கோடுகளைப் படித்தாள். வில்மாவுடையதில் கூட இருக்கும், நிச்சயம் கூட இருக்கும். இதில் நாற்பது. அதில் நாற்பது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை.

"பாவி," என்றாள் எத்தெல்கா. "கைராசிதாண்டி உனக்கு."

"இன்னும் குடிக்கவே இல்ல, அதுக்குள்ள 'டி'யா?" என்றாள் வில்மா. கை நீட்டினாள்.

கைக்குள் கை கோர்த்து ஒரே மூச்சில் குடித்தார்கள். எத்தெல்காவுக்கு வயிறு எரிந்தது. பாலிங்காவா, மற்றதா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.